ஒரு சொல்லுக்குப் பிறப்புச் சான்றிதழ்

நம் வட்டார வழக்கு அகராதியின் முதல் பதிப்பு உங்கள் ஒவ்வொருவர் மேசையிலும் இருக்கும். உகர வரிசையைப் புரட்டுங்கள். ‘உடுமூலை’ என்று ஒரு சொல் இருக்கும். பிறப்பிடம் குறிக்கும் இடத்தில் மற்ற சொற்களுக்கு வடமொழி, அரபு, பிரெஞ்சு என்று ஏதாவது போட்டிருக்கும். இதற்கு மட்டும் ‘தொகுப்பாளரின் கேள்வி’ என்று போட்டிருக்கும். அந்தத் தொகுப்பாளர் நான்தான்.

புதிதாகச் சேர்ந்த உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். அட்டை எப்படி எழுதுவது, ஒலிப்பை எப்படிக் குறிப்பது என்பதையெல்லாம் அங்கே இருப்பவர்கள் சொல்லித் தருவார்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. நான் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்கிறேன். இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது. ரெண்டும் சேர்ந்துதான் வருகிறது, நான் என்ன செய்ய?

முதலில் காரைக்கால் இந்த அகராதிக்குள் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். தஞ்சை, நாகை என்று சுற்றிலும் இருக்கிற ஊர்களையெல்லாம் எடுத்துக்கொண்டவர்கள், நடுவில் எங்கள் ஊரை மட்டும் விட்டுவிட்டார்கள். “அது வேற நிர்வாகம்மா. பேச்சு ஒண்ணுதானே, தனியா எதுக்கு?” என்றார் முதன்மை ஆசிரியர். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. காரைக்காலில் பிறந்து வளர்ந்தவள் சும்மா விடுவேனா? மூன்று கூட்டத்தில் சண்டை போட்டேன். கடைசியில் தொல்லை தாங்காமல், “சரி, பிரெஞ்சுச் சொல்லு ஏதாவது மிச்சம் மீதி இருந்தா எடுத்துக்கிட்டு வாங்க. ஆள் தர முடியாது, நீங்க ஒருத்தர்தான் போகணும்” என்றார்.

போனேன். ஆறு வருடம், ஒரே ஆளாக. பிரெஞ்சு என்று பார்த்தால் ‘கொம்யூன் பஞ்சாயத்து’ மாதிரி ஊருக்கே தெரிந்த சொற்களும், பெரிய வீடுகளில் சிலவும்தான் அகப்பட்டன. அவர் கேட்காத சொற்களோ மூட்டை மூட்டையாக வந்தன. வயலில், கடற்கரையில், கடைத்தெருவில், பள்ளிவாசல் தெருவில் என்று பொறுக்கிப் பொறுக்கிச் சொல்லுக்கு ஒரு அட்டை போட்டேன். பதினொரு பெட்டி. காரைக்கால் பேச்சுக்கு அந்த அகராதியில் இருந்த ஒரே ஆதாரம் அந்தப் பதினொரு பெட்டிதான். அது போனால் எங்கள் ஊரும் போச்சு. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஆறாவது வருடம், திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜ். சனிக்கிழமைக் கூட்டம் கலைந்த ஞாயிற்றுக்கிழமை காலை. துப்புரவுக்கு வரும் பெண்களோடு கூடவே நடந்து, அவர்கள் வேலையில் புழங்கும் சொற்களைக் குறித்துக்கொண்டிருந்தேன். மாடிப்படித் திருப்பத்தில் ஒரு வாளி அப்படியே கிடந்தது. ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள்:

“ரூமெல்லாம் முடிஞ்சிடிச்சிடி. உடுமூலதான் கெடக்கு. நீ பாக்குறியா, நான் பாக்கட்டா?”

என் பேனா நின்றுவிட்டது.

“என்னாங்க சொன்னீங்க?”

“உடுமூல.”

“அப்படின்னா?”

“படிக்கட்டுத் திருப்பம், செருப்பு உடுற எடம், டேங்க்குக்குப் பின்னால... யாரு பங்குலயும் வராத வேல இருக்குல்ல? அதான்.”

அடேயப்பா! யார் பங்கிலும் வராத வேலைக்கு ஒரு சொல்! எல்லா வீட்டிலும் இருக்கிறது அந்த வேலை, எல்லா ஆபீசிலும் இருக்கிறது, அதற்காகத்தான் பாதிச் சண்டை நடக்கிறது. ஆனால் அதற்கு ஒரு பெயர் இருந்து நான் கேட்டதே இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில் கண்டக்டர் என் தோளைத் தட்டி டிக்கெட் கேட்கும்படி ஆகிவிட்டது.

அடுத்த ஒரு மாதம் அதே பைத்தியமாகத் திரிந்தேன். நெல் விளையும் இரண்டு ஊர்களில் அதே சொல் கிடைத்தது, ஆனால் வேறு பொருளில். கதிர் அறுக்கும் மிஷின் வயலுக்குள் திரும்பும்போது மூலையில் கொஞ்சம் அறுபடாமல் நிற்கும். அதைப் பெண்கள் அரிவாளால் அறுப்பார்கள். அந்த மூலைதான் ‘உடுமூல’. எனக்கு வழி தெளிவாகத் தெரிந்துவிட்டது. மிஷின் விடுகிற மூலை விடுமூலை. விட்டுட்டு என்பதை உட்டுட்டு என்கிறோமே, அப்படி விடுமூலை உடுமூல ஆகியிருக்கிறது. வயலில் மிஷின் விட்ட மூலை, லாட்ஜுக்கு வந்து ஆட்கள் விட்ட வேலை ஆகியிருக்கிறது. ஒரு சொல் நடந்து போன தடம் அப்படியே சேற்றில் பதிந்து கிடந்தது!

முதன்மை ஆசிரியருக்கும் பிடித்துக்கொண்டது. “விடுமூலை! ஊறுகாய், சுடுசோறு மாதிரி வினைத்தொகை, அசல் பழைய வார்ப்பும்மா இது. இப்ப ஜனங்க இப்படிச் சொல்லு செய்யறதில்ல. எப்படியும் முந்நூறு வருஷம் இருக்கும்” என்றார்.

“மிஷின் வந்தே கொஞ்ச வருஷம்தானே சார் ஆகுது?”

“அரிவாள் காலத்துல வேற ஏதோ மூலைய சொல்லியிருப்பாங்க. மிஷின் வந்ததும் அதுக்கு மாறியிருக்கும்.”

நானும் மண்டையை மண்டையை ஆட்டினேன். ரெண்டு பேரும் படித்தவர்கள் அல்லவா, காரணம் கண்டுபிடிக்க எங்களுக்கா தெரியாது? அவர் அதோடு விடவில்லை. ‘காரைக்காலைச் சேர்க்காமல் இருந்திருந்தால் இந்தச் சொல் நமக்குக் கிடைத்திருக்குமா?’ என்று முன்னுரையில் ஒரு பத்தியே எழுதிவிட்டார். யார்? தனியாக எதற்கு என்று கேட்ட அதே மனிதர்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

அச்சுப் பிழை பார்க்க மெய்ப்பு வந்துவிட்டது. “இந்தச் சொல்லுக்கு உங்ககிட்ட இருக்கிற ரொம்பப் பழைய குறிப்பு எதுன்னு பார்த்துடுங்க” என்றார் முதன்மை ஆசிரியர். இரும்பு அலமாரியைத் திறந்து முதல் வருட நோட்டை எடுத்தேன். போலகம், தை மாதம், மிஷின் அறுப்பு என்று தலைப்பு. பக்கத்தைப் புரட்டினால் என் கையெழுத்திலேயே இருக்கிறது:

‘மிஷின் அறுக்காமல் விடும் மூலை: தனிப்பெயர் இல்லை. நான்கு பேரைக் கேட்டாயிற்று.’

ஆறு வருடத்துக்கு முன்னால் அதே மாதிரி வயலில், அதே மாதிரி மூலையைக் காட்டிக் கேட்டபோது இல்லாத சொல், இப்போது முந்நூறு வருடத்துச் சொல்லாக எப்படி வந்து நிற்கிறது?

மறுநாள் காலையே போலகத்துக்குப் பஸ் ஏறினேன். அங்கே எனக்குத் தெரிந்தவர் செல்வராணி. என் வயதுதான். அறுப்புக்கும் நடவுக்கும் போகும் பெண்கள் குழுவுக்கு அவர்தான் தலைவி. வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய். அப்போது பங்குனி; சம்பா அறுத்த வயலில் உளுந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

“வாங்க டீச்சர்!” என்றார். நான் டீச்சர் இல்லை என்று ஆறு வருடமாகச் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன். “என்னா, இந்தத் தடவ கொடைய காணும்?”

“செல்வராணி, ஒரு சந்தேகம். நான் மொதமொதல்ல வந்தப்ப, மிஷின் அறுக்காம நிக்குற மூலைக்குத் தனியாப் பேரு இல்லைன்னீங்க. நெனவு இருக்குதா? இப்ப வேற ஊருல எல்லாம் அதுக்கு ஒரு பேரு சொல்லுறாங்களே.”

அவர் கையிலிருந்த உளுந்துச் செடியைக் கீழே போட்டார். அப்புறம் ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள், வரப்பில் நின்ற கொக்கெல்லாம் பறந்துவிட்டது.

“ஏன் டீச்சர், நீங்கதான பேரு வச்சீங்க!”

“நானா?”

“பின்ன? செவப்புக் கொடைய புடிச்சிக்கிட்டு வந்தீங்க. ஒத்தச் செருப்பு சேத்துல மாட்டிக்கிச்சு. அத எடுக்கக்கூட இல்ல, பேரு என்னா பேரு என்னான்னு எங்க உசுர வாங்குனீங்க. மூலதாங்கன்னு சொன்னா கேக்க மாட்டேன்னுட்டீங்க. கடைசில நீங்களே...” என்று சொல்லிக் கழுத்தைக் கொஞ்சம் சாய்த்தார், ஒரு கையால் இல்லாத குடையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் என் குரல் அவர் வாயிலிருந்து வந்தது. “‘விடுமூலை என்று சொல்வீர்களா? வி-டு-மூ-லை?’”

சுற்றி இருந்த பெண்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதில் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: “அன்னிக்குப் பூரா இந்தக்கா அதத்தான் சொல்லிக்கிட்டுக் கெடந்துச்சு டீச்சர். ‘யாரம்மா அந்த விடுமூலையைப் பார்ப்பது?’ன்னு உங்கள மாதிரியே. நாங்க அறுக்க முடியாம சிரிச்சோம். அடுத்த நாளும் அதான். அடுத்த வருசமும் அதான். பொறவு அதே பழகிடிச்சு.”

“லாட்ஜு வேலைக்கு இங்கேருந்து நாலு பேரு போனாளுவ” என்றார் செல்வராணி. “அவளுவ கொண்டு போயிருப்பாளுவ. அங்க உள்ளவளுவளுக்கு டீச்சரும் தெரியாது, கொடையும் தெரியாது.”

எனக்கு முகமெல்லாம் சுட்டது. ஆனால் ஒன்று சொல்கிறேன், நம்புங்கள். அந்த வெட்கத்துக்கு நடுவிலேயே குதிக்க வேண்டும் போல இருந்தது. நாம் எல்லோரும் பிழைப்பு நடத்துவது ஊகத்தில். இந்தச் சொல் இப்படிப் பிறந்திருக்கலாம், இப்படித் தேய்ந்திருக்கலாம் என்று எழுதிவிட்டுக் கீழே ஒரு கேள்விக்குறி போடுவோம். எந்தச் சொல் பிறந்த அன்றும் யாரும் பக்கத்தில் இருந்ததில்லை. இங்கே எனக்கு மாதம் தெரியும், வயல் தெரியும், குடையின் நிறம் தெரியும், செருப்பு எந்தக் கால் செருப்பு என்றுகூடத் தெரியும்! பிறந்த சொல் கேலிக்குரலில் வளர்ந்து, கேலி உதிர்ந்து, உருவம் தேய்ந்து, ஊர் மாறி, பொருள் மாறி, பெற்றவளுக்கே அடையாளம் தெரியாமல் வந்து நின்றிருக்கிறது. அத்தனையும் ஆறே வருடத்தில்.

அந்தக் குதூகலம் பஸ் ஏறும் வரைக்கும்தான் இருந்தது. உட்கார்ந்ததும் பயம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. ஒரு சொல்லை நானே வாயில் போட்டு நானே வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன் என்றால், மற்ற அட்டைகளில் எத்தனை அப்படி? என் நோட்டுகளில் பதில் மட்டும்தான் இருந்தது. நான் என்ன கேட்டேன் என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை. யாரும் எழுதுவதில்லை அப்போது. இதைச் சொன்னால் பதினொரு பெட்டியும் போகும். சொல்லாவிட்டால்? மெய்ப்பு அச்சுக்குப் போய்விடும். போலகத்து வயலில் வந்து யார் விசாரிக்கப் போகிறார்கள்?

பொய் சொல்ல மாட்டேன், போலகத்திலிருந்து காரைக்கால் பஸ் ஸ்டாண்டு வரை சொல்லாமல் இருப்பதைப் பற்றித்தான் யோசித்தேன். கடைசியில் சொன்னேன் என்றால் அது என் நேர்மையால் இல்லை. எனக்கு வாய் நிற்காது. இப்படி ஒரு அதிசயத்தைப் பார்த்துவிட்டு ஆயுசு முழுக்க யாரிடமும் சொல்லாமல் இருப்பதா? செத்தே போவேன்.

முதன்மை ஆசிரியர் முழுவதையும் கேட்டார். செருப்பு மாட்டிக்கொண்ட இடத்தில்கூடச் சிரிக்கவில்லை. முன்னுரையை எடுத்து அந்தப் பத்தியின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

“இது ஒண்ணுதானா? இன்னும் இருக்கா?”

“தெரியல சார்.”

“உங்களுக்கே தெரியலைன்னா நான் எத நம்பி அச்சடிக்கிறது? காரைக்கால் இல்லாமலே போகட்டும்.”

“சார், எல்லாத்துக்கும் ஒலிப்பதிவு இருக்கு. நோட்டுல என் கேள்வி இல்ல, ஆனா பதிவுல இருக்கும். ஒவ்வொண்ணாக் கேட்டு, நான் வாயில போட்டதையெல்லாம் எடுத்துடறேன்.”

காலண்டரைப் பார்த்தார். “பத்து நாள். அதோட இன்னொண்ணு. உங்களப் பார்த்தே இருக்காத ஒருத்தர்கிட்டேருந்து, நீங்க வாயத் தொறக்காம, அந்தச் சொல்லைக் கொண்டு வாங்க. அது நிஜமாவே சொல்லா, இல்ல உங்க எதிரொலியான்னு பாக்கணும். உங்களால சும்மா இருக்க முடியுமான்னும் பாக்கணும். ரெண்டும் நடந்தா பெட்டி உள்ள வரும்.”

சும்மா இருப்பது! என்னிடம்!

எட்டு நாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு என் குரலையே கேட்டேன். அதைப் போல ஒரு தண்டனை கிடையாது. எதிரே இருப்பவர் “ம்...” என்று யோசிக்க ஆரம்பிப்பதற்குள் நான் பாய்ந்துவிடுகிறேன். “இப்படிச் சொல்வீங்களா?” “ஆமாங்க.” திருநள்ளாற்றுப் பக்கம் ஒரு விவசாயி. ஒரே பொருளுக்கு மூன்று வேறு வேறு சொல்லை வரிசையாகக் கேட்டிருக்கிறேன். மூன்றுக்கும் “ஆமாங்க” என்றிருக்கிறார் அந்த நல்ல மனிதர். நான் மூன்றுக்கும் அட்டை போட்டிருக்கிறேன்! நம் ஜனங்கள் வீடு தேடி வந்தவரிடம் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அந்த ‘ஆமாங்க’ மரியாதை. அதைச் சான்று என்று எடுத்துக்கொண்டேனே, எனக்கு அறிவு எங்கே போயிற்று? என் கேள்வியில் தலைகாட்டிய சொற்களை எல்லாம் உருவி எடுத்தேன். ஒன்றரைப் பெட்டி வந்தது. ஒவ்வொரு அட்டைக்கும் நெஞ்சு வலித்தது. ஆனால் ஒன்பதரைப் பெட்டி கறையில்லாமல் நின்றது.

மீதி இரண்டு நாள். காரைக்கால் டவுனில் ஒரு கல்யாண மண்டபம். அங்கே துப்புரவு பார்க்கும் பெண்கள் யாருக்கும் என்னைத் தெரியாது. வேலைப் பேச்சைப் பதிவு செய்ய வந்திருக்கிறேன் என்று சொல்லி, மேனேஜரிடமும் அவர்களிடமும் சம்மதம் வாங்கிக்கொண்டு, ஒரு ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். வாய் சும்மா இருக்காதே என்று ஒரு கல்கண்டுக் கட்டியை அடக்கிக்கொண்டேன். முதல் நாள் முழுக்கச் சாம்பார் வாளியைப் பற்றிப் பேசினார்கள், மாப்பிள்ளையின் அம்மாவைப் பற்றிப் பேசினார்கள், என் சொல் வரவில்லை. போய்க் கேட்டுவிடலாமா என்று நாக்கு துடித்தது. கால் கிலோ கல்கண்டு காலி.

இரண்டாம் நாள் மதியப் பந்தி முடிந்தது. சாயங்காலம் வேறு கோஷ்டிக்கு வரவேற்பு. மேற்பார்க்கும் அம்மா வேலையைப் பிரித்துக்கொண்டே வந்தார்.

“ரெண்டு பேரு ஹாலு. நாலு பேரு பந்திக் கூடம். மூணு பேரு சமையக்கட்டு. உடுமூலக்காரி எங்கடி?”

உடுமூலக்காரி! சொல்லுக்கு வால் முளைத்திருக்கிறது!

“இந்தா வந்துட்டேன்” என்று முப்பது வயதுப் பெண் ஒருத்தி இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வந்தாள். சொல் தானாக வந்து பதிவும் ஆகிவிட்டது, இனி கேட்கலாம். கல்கண்டை விழுங்கிவிட்டு எழுந்து போனேன்.

“உடுமூலக்காரின்னா என்னங்க?”

“எல்லாரும் அவங்கவங்க வேலய முடிச்சிட்டுப் போயிடுவாங்க மேடம். எதெது உட்டுப்போச்சோ அதெல்லாம் நான்தான் பாக்கணும். மணவறைல மறந்த குத்துவெளக்கு, பொண்ணு ரூம்ல உட்டுட்டுப் போன வளையலு, மூடாத கொழா. எல்லாத்தயும் பாத்துட்டு, கதவப் பூட்டி, சாவிய நான்தான் மேனேஜருகிட்ட குடுப்பேன். எல்லாருக்கும் இத குடுத்துட மாட்டாங்க. நம்பிக்கையான ஆளுக்குத்தான்.”

மிச்சம் கிடந்த மூலை, யாருக்கும் வேண்டாத வேலையாகி, இப்போது சாவி வாங்கும் பதவியாகி இருக்கிறது! அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வாயைத் திறந்துவிட்டேன்.

“இது வயல்லேருந்து வந்த சொல்லுங்க. மிஷின் அறுக்காம விடுற மூலைதான் உடுமூல.”

அந்தப் பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். “வயலா? அதுக்கும் இதுக்கும் என்னா மேடம் சம்பந்தம்? யாரோ உங்களுக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்துருக்காங்க.”

“அப்படிங்களா?”

“ஆமா. உடுமூலன்னா பொறுப்பு. எழுதிக்குங்க.”

எழுதிக்கொண்டேன்! என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக எதையும் எழுதியதில்லை. போலகம் பக்கம் சொந்தம் உண்டா என்று கேட்டேன். அந்தப் பக்கமே போனதில்லை என்றாள்.

மறுநாள் கூட்டத்தில் பதிவைப் போட்டுக் காட்டினேன். ‘யாரோ உங்களுக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்துருக்காங்க’ என்ற இடம் வந்ததும் முதன்மை ஆசிரியரின் தோள் குலுங்க ஆரம்பித்தது. “இன்னொரு தடவ போடுங்க” என்றார். மூன்று தடவை போடச் சொன்னார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பெட்டிய உள்ள கொண்டு வாங்க” என்றார். காரைக்கால் அகராதிக்குள் வந்தது.

பிறப்பிடத்தில் என்ன போடுவது என்று பேச்சு வந்தது. ‘தெரியவில்லை’ என்று போட்டுவிடலாம், கௌரவமாக இருக்கும் என்றார்கள் சிலர். அவர் கேட்கவில்லை. ‘தொகுப்பாளரின் கேள்வி’ என்று தன் கையாலேயே எழுதினார். அட்டையின் அமைப்பையும் அன்றே மாற்றினார். ‘கேட்ட கேள்வி, கேட்டபடியே’ என்று மேலே ஒரு கட்டம் இருக்கிறதே, நிரப்ப வேண்டுமே என்று நீங்கள் அலுத்துக்கொள்கிறீர்களாமே, அது என் புண்ணியத்தில் வந்தது.

கதை அத்தோடு முடிந்திருந்தால் உங்களுக்கு எழுதியிருக்கவே மாட்டேன். புத்தகம் வந்ததும் ஒரு பிரதியைத் தூக்கிக்கொண்டு போலகம் போனேன். செல்வராணி ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினார். எழுத்துக் கூட்டி அவரே படித்தார். வழங்கும் இடங்களில் போலகம் முதலில் இருந்ததைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்தது. அடுத்த வரிக்கு வந்ததும் நிறுத்தினார்.

“இது என்னா, ‘தொகுப்பாளரின் கேள்வி’?”

“அது நான்தான்.” எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

“நீங்களா? நீங்க கேட்டுட்டு பஸ் ஏறிட்டீங்க டீச்சர். நாங்க கிண்டல் பண்ணலன்னா அது உங்க செருப்பு மாதிரி அங்கயேதான் சேத்துல கெடந்துருக்கும்.” புத்தகத்தை விரலால் தட்டினார். “எத்தனையோ ஊருல எத்தனையோ கேள்வி கேட்டிருப்பீங்க. அதுல எது நெலச்சுது, சொல்லுங்க?”

ஒன்றரைப் பெட்டி அட்டைகளை நானே உருவி எடுத்திருந்தேன். அத்தனையும் நான் ஜனங்கள் வாயில் போட்ட சொற்கள். அதில் ஒன்றாவது பிழைத்துக் கிடக்கிறதா? அத்தனைக்கும் மரியாதையாக ஆமாங்க என்று தலையாட்டிவிட்டு, நான் போனதும் துப்பிவிட்டார்கள். பிழைத்தது இது ஒன்றுதான், ஏனென்றால் இதற்குத்தான் யாரும் ஆமாங்க சொல்லவில்லை. இதை வைத்து என்னைக் கேலி செய்து, ஒரு அறுப்பு முழுக்கச் சிரித்து, அந்தச் சிரிப்புக்காகவே திரும்பத் திரும்பச் சொல்லி, அவர்கள்தான் அதைச் சொல்லாக்கினார்கள். நான் கீழே போட்டவள், அவ்வளவுதான். அகராதி தப்பு. செல்வராணி சரி.

“அடுத்த தடவ அடிக்கிறப்ப மாத்திடறேன்” என்றேன்.

“மறந்துடாதீங்க” என்றார்.

மறக்கவில்லை, ஆனால் அதற்குள் நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இரண்டாம் பதிப்பு வேலை இப்போது உங்கள் கையில் இருக்கிறது. புதிய அட்டை எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ‘கேட்ட கேள்வி’ கட்டத்தில் என் கேள்வி குடையோடும் செருப்போடும் இருக்கிறது. பிறப்பிடம் என்ற இடத்தில், ‘போலகத்து அறுப்புப் பெண்களின் கேலி’ என்று எழுதியிருக்கிறேன். உகர வரிசை உங்களில் யார் பொறுப்போ, அவர் இதைச் சேர்த்துவிட வேண்டும். செல்வராணி விசாரித்துக்கொண்டே இருக்கிறார்.

நான் சொன்னேன் என்பதற்காக நம்ப வேண்டாம், போலகத்துக்கே போய் விசாரித்துவிட்டுச் சேருங்கள். பையில் கொஞ்சம் கல்கண்டு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கிளம்பிப் பஸ் ஸ்டாப் வரை நடக்கும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கும். உங்களைப் போலவே யாரோ பேசிக் காட்டுகிறார்கள் என்று அர்த்தம். பஸ் போனால் போகட்டும், நின்று கேளுங்கள். அவர்கள் எந்தச் சொல்லை வைத்துச் சிரிக்கிறார்களோ, அதற்கு அன்றைய தேதி போட்டு ஒரு அட்டை எழுதுங்கள்.